ஒரே வயரில் ஏசியும் டிசியும்: மலையில் இருந்துகொண்டு எலெக்ட்ரானிக்ஸ் தொடங்குபவர்களுக்கு

பேட்டரியின் நிலையான மின்னழுத்தத்தின் (டிசி) மேல் ஒரு பாட்டு சிக்னலை (ஏசி) ஏற்ற வேண்டும். பிறகு வேண்டிய இடத்தில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். செய்து பார்க்க உட்கார்ந்தால்தான் மீட்டர் ஒன்று சொல்லும், காது இன்னொன்று சொல்லும். கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு இதைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். இங்கே பக்கத்துத் தெருவில் உதிரிபாகக் கடை கிடையாது. ஒரு பாகம் தப்பாக வந்தால் அடுத்தது வரும்வரை வேலை அப்படியே நிற்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏசி என்றதும் சுவரில் இருக்கும் 230 வோல்ட் பிளக்கை நினைக்காதீர்கள். ஏறி இறங்கும் எந்த சிக்னலும் ஏசிதான்: மைக்கில் வரும் குரல், போனில் இருந்து வரும் பாட்டு, ஆண்டெனாவில் வரும் ரேடியோ அலை. இந்தக் கட்டுரை முழுவதற்கும் 9 வோல்ட் பேட்டரியும் 12 வோல்ட் அடாப்டரும் போதும். சுவர் மின்சாரத்தை நேராகத் தொடும் வேலை எதுவும் இல்லை, செய்யவும் கூடாது.

1. சர்க்கியூட்டை இரண்டு முறை வரையுங்கள்

சால்டரிங் அயர்னை சூடாக்கும் முன் பேப்பரும் பென்சிலும் எடுங்கள். ஒரே சர்க்கியூட்டை இரண்டு படமாக வரைய வேண்டும்.

முதல் படம் டிசிக்கு. கப்பாசிட்டர் டிசியைத் தடுக்கும், அதனால் இதில் கப்பாசிட்டர் இருக்கும் இடமெல்லாம் வயர் அறுந்தது போல விட்டுவிடுங்கள். காயில் (சுருட்டிய கம்பி) இருக்கும் இடத்தில் வெறும் வயர் போடுங்கள். இரண்டாவது படம் ஏசிக்கு. இதில் போதுமான அளவு பெரிய கப்பாசிட்டர் வெறும் வயர், பெரிய காயில் அறுந்த வயர். பேட்டரியும் ஏசிக்கு வெறும் வயர்தான். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் புதிதாக வருபவர்கள் விட்டுவிடுகிறார்கள். பேட்டரியின் பிளஸ் முனையும் மைனஸ் முனையும் சிக்னலின் கண்ணுக்கு ஒரே கிரவுண்டு, அதாவது பூஜ்யமாக வைத்து அளக்கும் மைனஸ் பக்கம். அதனால் பிளஸ்ஸுக்குப் போகும் ரெசிஸ்டரும் கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரும் சிக்னலுக்குப் பக்கம் பக்கமாக நிற்கும்.

"போதுமான அளவு பெரிய" என்பதை முடிவுசெய்ய இரண்டு கணக்குகள் போதும். கிலோஓமையும் மைக்ரோஃபேரடையும் பெருக்கி, 159-ஐ அதால் வகுத்தால் எல்லை அலைவரிசை ஹெர்ட்ஸில் கிடைக்கும், அதற்குக் கீழே கப்பாசிட்டர் சிக்னலைத் தடுக்கத் தொடங்கும். 10 கிலோஓமும் 1 மைக்ரோஃபேரடும் என்றால் 15.9 ஹெர்ட்ஸ். காயிலுக்கு மெகாஹெர்ட்ஸையும் மைக்ரோஹென்றியையும் பெருக்கி 6.28-ஆல் பெருக்குங்கள், ஓமில் விடை வரும். 100 மெகாஹெர்ட்ஸில் 1 மைக்ரோஹென்றி 628 ஓம். இந்த இரண்டையும் நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

2. பொருள், காகிதம், காசு

முதல் பகுதிக்கு வேண்டியவை: ஒரு பிரெட்போர்டு (ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகும் பலகை), 9 வோல்ட் பேட்டரியும் அதன் கிளிப்பும், 10 கிலோஓம் ரெசிஸ்டர் மூன்று, 100 கிலோஓம் ஒன்று, 100 ஓம் ஒன்று, 10 மைக்ரோஃபேரட் எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் ஒன்று, 100 மைக்ரோஃபேரட் எலெக்ட்ரோலிட்டிக் ஒன்று, 1 மைக்ரோஃபேரட் பாலியஸ்டர் கப்பாசிட்டர் ஒன்று, 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் கேபிள் ஒன்று. பழைய இயர்போன் வயரை வெட்டிப் பயன்படுத்த நினைக்காதீர்கள். அதன் இழைகளில் வார்னிஷ் பூசியிருக்கும், அதைச் சுரண்டாமல் ஈயம் ஒட்டாது. ஆக்ஸ் கேபிளில் அந்தத் தொல்லை இல்லை.

மீட்டர் தவிர்த்து இவை எல்லாம் சேர்ந்து முந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். ரெசிஸ்டர் ஒரு ரூபாய் விஷயம். ஆனால் கூரியர் கட்டணம் பொருளின் விலையைத் தாண்டிவிடும். அதனால் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ கோவையிலோ தெரிந்தவர் இருந்தால் பட்டியலைக் கொடுத்து ஒரே தடவையில் வாங்கிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் சாலையில் மண் சரிந்தால் பார்சல் மேட்டுப்பாளையத்திலேயே உட்கார்ந்திருக்கும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். சமவெளியில் இருந்து நண்பர் காரில் எடுத்து வருகிறார் என்றால் நீலகிரிக்கான இ-பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும்.

மீட்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு விற்கும் மஞ்சள் மீட்டரில் ஏசி அளவு 200 வோல்ட், 750 வோல்ட் என்று இரண்டுதான். போன் தரும் சிக்னல் ஒரு வோல்ட்டுக்கும் கீழே, அதை இந்த மீட்டர் சரியாகக் காட்டாது. இதைவிட மோசம் ஒன்று உண்டு. அதில் பல ஏசி அளவில் டிசியைத் தடுப்பதே இல்லை. ஏசி 200-ல் வைத்து 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் வைத்தால் 19, 20 என்று காட்டும், மீட்டரின் இரண்டு வயர்களை மாற்றி வைத்தால் பூஜ்யம். பேட்டரியில் ஏது ஏசி? அந்த மீட்டரை டிசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நல்ல மீட்டர்தான். ஏசிக்கு, சில வோல்ட் அல்லது மில்லிவோல்ட் அளவு உள்ள மீட்டர் வேண்டும். ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ஆகும். முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான் என்பது என் கருத்து.

காகிதம் என்றால் இரண்டு. ஒன்று, வாங்கும் ஒவ்வொரு பாகத்தின் டேட்டாஷீட், அதாவது தயாரித்தவர் தரும் விவரத் தாள். கப்பாசிட்டருக்கு எத்தனை வோல்ட் தாங்கும் என்பது, சோக் காயிலுக்கு (டிசியை விட்டு சிக்னலைத் தடுக்கும் காயில்) எத்தனை மில்லிஆம்பியர் என்பது, ஆம்ப்ளிஃபயருக்கு எத்தனை வோல்ட், எவ்வளவு கரண்ட் என்பது, இந்த வரிகளை அடிக்கோடிட்டு பிரிண்ட் எடுங்கள். மழையில் நெட் போனால் போனில் சேமித்த லிங்க் உதவாது. இன்னொன்று, பாகத்தின் எண் எழுதிய பில். "கப்பாசிட்டர் 10" என்று மட்டும் எழுதிய பில்லைக் காட்டி எதையும் மாற்ற முடியாது. உரிமம் பற்றிக் கேட்பவர்களுக்கு: இங்கே நாம் கேட்பது மட்டும்தான் செய்கிறோம். அலையை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் கட்ட வேண்டுமென்றால் அமெச்சூர் (ஹாம்) ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்கிய பிறகுதான்.

3. டிசியின் மேல் ஏசியை ஏற்றுங்கள்

இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக பேட்டரிக்குக் குறுக்கே போடுங்கள். நடுமுனையில் 4.5 வோல்ட் டிசி இருக்கும். ஒற்றை பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்களின் வாசலில் (இன்புட்டில்) பெரும்பாலும் இந்தப் பாதி வோல்ட்தான் இருக்கும். சிக்னல் மேலேயும் கீழேயும் ஆட இடம் வேண்டும் அல்லவா.

இப்போது 10 மைக்ரோஃபேரட் எலெக்ட்ரோலிட்டிக்கின் பிளஸ் காலை நடுமுனையிலும் மைனஸ் காலை சிக்னல் வரும் பக்கத்திலும் வையுங்கள். டிசி எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் பிளஸ். பழக்கத்தில் "இன்புட் பக்கம் பிளஸ்" என்று மாட்டிவிட்டால் கப்பாசிட்டர் கசியும், டிசி போனுக்குள் போகும். சிக்னல் வரும் முனையில் இருந்து கிரவுண்டுக்கு அந்த 100 ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். பேட்டரி மாட்டும் கணத்தில் கப்பாசிட்டர் நிரம்பும் கரண்ட் போன் வழியாகப் போகாமல் இதன் வழியாக இறங்கிவிடும்.

போனை இன்னும் மாட்டாதீர்கள். முதலில் பேட்டரி மட்டும். நடுமுனையில் 4.5 வோல்ட் சுற்றி இருக்கிறதா பாருங்கள். பிறகு ஜாக் மாட்டப்போகும் முனையில் டிசி அளவில் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். பூஜ்யம் வராமல் போனை மாட்டவே கூடாது.

வந்துவிட்டதா? போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்று போட்டு 200 ஹெர்ட்ஸ் வையுங்கள். மலிவு மீட்டர்களின் ஏசி கணக்கு சில நூறு ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் நம்பிக்கைக்கு உரியது, அதனால்தான் 1000 வேண்டாம் என்கிறேன். ஆக்ஸ் கேபிளில் இடது, வலது இரண்டு வயரும் ஒரு கிரவுண்டு வயரும் இருக்கும். கிரவுண்டு வயரை கிரவுண்டில் மாட்டுங்கள், இடது வலதில் ஒன்றை மட்டும் எடுங்கள், இரண்டையும் முறுக்கிச் சேர்த்துவிடாதீர்கள். இப்போது நடுமுனையை டிசி அளவில் பார்த்தால் அதே 4.5. ஏசி அளவில் பார்த்தால் போனின் ஒலியளவைக் கூட்டக் கூட்ட எண் ஏறும். ஒரே புள்ளியில் இரண்டும் இருக்கின்றன, ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யவில்லை.

படி 1-ல் வரைந்த ஏசி படத்தைப் பாருங்கள். இரண்டு 10 கிலோஓமும் சிக்னலுக்குப் பக்கம் பக்கமாக நிற்பதால் 5 கிலோஓம். 5-ஐயும் 10-ஐயும் பெருக்கினால் 50, 159-ஐ அதால் வகுத்தால் சுமார் 3.2 ஹெர்ட்ஸ். காது கேட்கத் தொடங்குவது 20 ஹெர்ட்ஸில். போதுமான இடைவெளி.

4. இரண்டையும் பிரியுங்கள்

நடுமுனையில் இருந்து இரண்டு கிளை இழுங்கள்.

ஏசி கிளை: 1 மைக்ரோஃபேரட் பாலியஸ்டர், அதற்கு அப்பால் கிரவுண்டுக்கு 100 கிலோஓம். டிசி அளவில் பூஜ்யம், ஏசி அளவில் நடுமுனையில் கண்ட அதே எண். அந்த 100 கிலோஓமை விட்டுவிட்டால் அப்பாலுள்ள முனை எந்த வோல்ட்டிலும் இல்லாமல் மிதக்கும். ஸ்பீக்கர் மாட்டியதும் "டம்" என்று ஒரு அடி கேட்பதற்கு இதுதான் காரணம்.

டிசி கிளை: 10 கிலோஓம், அதற்கு அப்பால் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபேரட், மைனஸ் கிரவுண்டில். பேட்டரி மாட்டியவுடன் எண் மெதுவாக ஏறும். அவசரப்பட்டு "வோல்ட் குறைகிறது" என்று பாகத்தை மாற்ற வேண்டாம். கிலோஓமையும் மைக்ரோஃபேரடையும் பெருக்கினால் மில்லிசெகண்ட் வரும், இங்கே 1000, அதாவது ஒரு நொடி. நடுமுனையின் 5 கிலோஓமும் கணக்கில் சேர்வதால் முதல் முறை இன்னும் கொஞ்சம் இழுக்கும். இந்த நேரத்தைப் போல ஐந்து மடங்கு காத்திருந்தால் எண் நிலைக்கும், பத்து நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அளவில் இங்கே எதுவும் தெரியக் கூடாது.

பிரிப்பதில் கால் வழுக்கும் இடங்கள் சில உண்டு. 1 மைக்ரோஃபேரடுக்கு ஏன் பாலியஸ்டர் என்று கேட்டேன் என்றால், அதே மதிப்பில் வரும் பொடி செராமிக் கப்பாசிட்டர்களில் பல, மேலே டிசி நின்றால் தன் மதிப்பை இழக்கும். தரத்தைப் பொறுத்து பாதிக்கும் கீழே போகும். அச்சில் 105 (1 மைக்ரோஃபேரட்) என்று இருக்கும், வேலை செய்வது 0.4 மைக்ரோஃபேரட் ஆக இருக்கும். கணக்கு சரியாக இருந்தும் அடித்தொனி ஒல்லியாக வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

கம்ப்யூட்டரின் மைக் ஜாக்கை ஆசிலோஸ்கோப்பாக (அலையைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) மாற்றும் மென்பொருளை நம்பி டிசி பார்க்காதீர்கள். சவுண்ட் கார்டின் வாசலிலேயே ஒரு கப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் என்ன கொடுத்தாலும் கோடு நடுவில்தான் நிற்கும். பாலிடெக்னிக் லேபில் நிஜ ஸ்கோப் கிடைப்பவர்கள் ஏசி, டிசி என்ற சுவிட்சை இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கள். ஏசி பக்கம் தள்ளுவது நீங்கள் இப்போது கட்டிய ஏசி கிளையை நடுவில் செருகுவதேதான். சில ஹெர்ட்ஸ் வேகத்தில் வரும் சதுர அலை அந்தப் பக்கத்தில் சாய்ந்து தெரிந்தால் அது உங்கள் சர்க்கியூட்டின் குற்றம் இல்லை.

ஸ்கோப் இல்லாதவர்கள் தனியாக பவர் உள்ள ஸ்பீக்கரின் ஆக்ஸ் வாசலில் ஏசி கிளையை மாட்டிக் கேளுங்கள். டோன் சுத்தமாக வருகிறதா, ஒலியளவு திருகும்போது கரகர என்கிறதா என்று கவனியுங்கள். திருகும்போது கரகரத்தால் எங்கோ டிசி கசிகிறது.

5. மாடிக்கு ஒரே கேபிள்: பயாஸ் டீ

மலையில் இதற்கு உடனே ஒரு வேலை இருக்கிறது. வீடு பள்ளத்தில், அதனால் ஆண்டெனா மாடியில். ஆண்டெனா பக்கத்திலேயே ஒரு பூஸ்டர் வைத்தால்தான் எஃப்எம் சிக்னல் கேபிளில் தேயாமல் வரும். அந்த பூஸ்டருக்கு 12 வோல்ட் வேண்டும். தனி வயர் இழுக்காமல், ரேடியோ சிக்னல் இறங்கி வரும் அதே கேபிளில் டிசியை ஏற்றி அனுப்பலாம். உங்கள் வீட்டு டிஷ்ஷில் நடப்பதும் இதுதான். செட்டாப் பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட்டை மேலே அனுப்புகிறது, சில சமயம் அதோடு 22 கிலோஹெர்ட்ஸ் தொனியையும் அனுப்புகிறது, அதே வயரில் சேனல்கள் கீழே வருகின்றன.

கேட்க மட்டும் ஆசை என்றால் கேபிள் வழியாக பவர் போகும் பூஸ்டர் செட் தயாராகவே கிடைக்கும், அதை வாங்கிவிடுங்கள். கற்றுக்கொள்ள ஆசை என்றால் மேலே படியுங்கள்.

கேபிளின் இரண்டு முனையிலும் ஒரு சிறு பெட்டி வேண்டும், டிசியையும் சிக்னலையும் ஒரே கேபிளில் சேர்த்துப் பிரிக்கும் இதற்குத்தான் பயாஸ் டீ என்று பெயர். கீழ்ப் பெட்டியில் மூன்று வாய்: ரேடியோ, மாடி, டிசி. ரேடியோவுக்கும் மாடிக்கும் நடுவே 1 நானோஃபேரட் செராமிக், அச்சில் 102 என்று இருக்கும். 100 மெகாஹெர்ட்ஸில் அது 1.6 ஓம்தான், 75 ஓம் கேபிளுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மாடி வாயின் நடு ஊசியில் இருந்து டிசி வாய்க்கு 1 மைக்ரோஹென்றி சோக். அது 628 ஓம், 75-ஐப் போல எட்டு மடங்கு, சிக்னல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. டிசி வாயில் கிரவுண்டுக்கு ஒரு 102, ஒரு 104 (0.1 மைக்ரோஃபேரட்), ஒரு 100 மைக்ரோஃபேரட் மூன்றையும் பக்கம் பக்கமாகப் போடுங்கள், அடாப்டரின் இரைச்சலை இவை தின்னும். அடாப்டருக்கும் பெட்டிக்கும் நடுவே 250 மில்லிஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. இதைத் தவிர்க்கவே கூடாது. மாடியில் இருக்கும் பெட்டி இதன் கண்ணாடிப் பிம்பம்: கேபிள் வாயில் இருந்து 102 வழியாக பூஸ்டரின் அவுட்புட், சோக் வழியாக பூஸ்டரின் பிளஸ்.

இங்கே பிரெட்போர்டு உதவாது. ஒரு சென்டிமீட்டர் நீளக் காலே சுமார் 10 நானோஹென்றி, 100 மெகாஹெர்ட்ஸில் 6 ஓமுக்கு மேல். கால்களை ஒட்ட வெட்டி, சிறிய தகரப் பெட்டியில் எஃப் கனெக்டர்களின் (டிஷ் கேபிளில் இருக்கும் திருகு கனெக்டர்) மேலேயே நேராக ஈயம் வையுங்கள். 1 மைக்ரோஹென்றி சோக்கின் வண்ணப் பட்டைகள் பிரவுன், கறுப்பு, கோல்டு. 1 ஓம் ரெசிஸ்டருக்கும் அதே பட்டைகள்தான். ஓம் மீட்டரில் வைத்தால் இரண்டுமே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். சோக்கின் உடம்பு பெரும்பாலும் பச்சை, கொஞ்சம் தடிமன். வாங்கியதும் தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கலந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம்.

6. மாடி ஏறும் முன் மேஜையில் சோதனை

பூஸ்டருக்குப் பதிலாக 220 ஓம், 1 வாட் ரெசிஸ்டரை மேல் பெட்டியின் பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் மாட்டுங்கள். 12 வோல்ட்டில் 55 மில்லிஆம்பியர் ஓடும், சிறு பூஸ்டர் இழுக்கும் அளவுதான். கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகும். இரண்டு பெட்டியையும் கேபிளால் இணைத்து மூன்று இடங்களில் டிசி பாருங்கள். 220 ஓமின் மேல் கிட்டத்தட்ட 12. கீழே ரேடியோ வாயில் பூஜ்யம். மேலே பூஸ்டர் அவுட்புட் சேரும் முனையிலும் பூஜ்யம். இந்த இரண்டு வாய்களும் எதோடும் சேராமல் சும்மா இருந்தால் மீட்டர் ஏதோ எண்ணைக் காட்டி ஏமாற்றும். 10 கிலோஓம் ஒன்றை கிரவுண்டுக்குப் போட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

பிறகு ஆண்டெனாவின் இரண்டு முனைகளை ஓம் அளவில் பாருங்கள். மடித்த டைபோலாக (கம்பியின் முனைகளை வளைத்து ஒரே வளையமாக்கிய ஆண்டெனா) இருந்தால் அது டிசிக்கு வெறும் ஷார்ட். பூஸ்டரின் இன்புட்டில் கப்பாசிட்டர் இல்லையென்றால் அங்கேயும் ஒரு 102 சேருங்கள். நடுவில் டிவிக்கும் ரேடியோவுக்கும் பிரிக்க ஸ்பிளிட்டர் போடுபவர்கள், பவர் பாஸ் என்று அச்சிட்ட வாயைத் தவிர மற்றவற்றில் டிசி போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஸ்பிளிட்டர்கள் டிசியை நேராக கிரவுண்டில் இறக்கிவிடும், ஃபியூஸ் போகும். ஸ்பிளிட்டர் எப்போதும் ரேடியோ வாய்க்குப் பின்னால், டிசி இல்லாத பக்கத்தில் இருக்கட்டும்.

7. மேலே ஏற்றும் காலமும் முறையும்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பர் மழை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட். இரண்டுக்கும் பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல நாட்கள். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கும் முன் காலையிலேயே முடித்துவிடுங்கள். நனைந்த தகரக் கூரையில் ஏறாதீர்கள். ஆண்டெனா கம்பம் சாய்ந்து விழுந்தாலும் மின்வாரியக் கம்பியைத் தொடாத தூரத்தில்தான் நட வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்பே கேளுங்கள், கம்பத்தோடு போய்க் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். கேபிளை அரை அடிக்கு ஒரு கட்டு போட்டு இறக்குங்கள். தொங்கவிட்டால் குரங்குகள் ஆடும், அவற்றுக்கு 12 வோல்ட் ஒரு பொருட்டே இல்லை.

தண்ணீர்தான் பெரிய எதிரி. சிக்னல் மட்டும் போகும் கனெக்டரில் ஈரம் புகுந்தால் மெதுவாகக் கெடும். டிசியும் போகும் கனெக்டரில் ஈரம் புகுந்தால் மின்பகுப்பு நடந்து நடு ஊசி சீக்கிரமே கறுத்து அரித்துவிடும். இங்கே மழை இல்லாத நாளிலும் மூடுபனி நனைக்கும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை கனெக்டரின் மேல் இழுத்துச் சுற்றுங்கள், பிளாஸ்டிக் இன்சுலேஷன் டேப் வெயிலுக்கும் பனிக்கும் உரிந்துவிடும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டால் வழியும் நீர் அங்கேயே சொட்டும். ரேடியோ கேட்காத நேரத்தில் அடாப்டரை நிறுத்துவது அரிப்பைக் குறைக்கும்.

இடி மின்னல் இருந்தால் அடாப்டரையும் கேபிளையும் கழற்றுங்கள். கம்பத்துக்கு எர்த் போடுங்கள். நேரடி இடியை எந்த ஃபியூஸும் தாங்காது.

பூஸ்டர் ஓடத் தொடங்கியதும் ரேடியோவை நிலையம் இல்லாத இடங்களில் திருப்பிப் பாருங்கள். பல இடங்களில் ஒரே மாதிரி கனத்த மௌனமோ ஊளையோ வந்தால் பூஸ்டர் தானாகவே அலை எழுப்புகிறது, அதுவும் ஆண்டெனா வழியாக வெளியே போகும். பெட்டியின் கிரவுண்டைச் சரிசெய்யும்வரை அதை நிறுத்தி வையுங்கள். அண்டை வீட்டு டிவி ஒருபுறம் இருக்கட்டும், ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் வீடு இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

ஒரு நாள் சத்தம் நின்றுபோனால் உடனே மாடி ஏற வேண்டாம். கீழ்ப் பெட்டியின் மாடி வாயில் கேபிள் மாட்டியிருக்கும்போதே டிசி பாருங்கள். பூஜ்யமாக இருந்து, கேபிளைக் கழற்றியதும் 12 வந்தால், மேலே எங்கோ ஷார்ட், பெரும்பாலும் நீர் புகுந்த கனெக்டர். கழற்றியும் பூஜ்யம் என்றால் ஃபியூஸ் அல்லது அடாப்டர், மேலே இருக்கும் ஷார்ட்டே ஃபியூஸை எரித்திருக்கவும் கூடும். மாட்டியிருக்கும்போதும் முழு 12 இருந்தால், அடாப்டர் வயரில் மீட்டரைத் தொடராக வைத்து கரண்ட் பாருங்கள். கரண்ட் ஓடவில்லை என்றால் நடு ஊசி அறுந்திருக்கிறது. வழக்கமான கரண்ட் ஓடினால் டிசி பாதை நன்றாக இருக்கிறது, கோளாறு அந்த 102 கப்பாசிட்டர்களிலோ ஆண்டெனாவிலோ ரேடியோவிலோதான். கோளாறு மேலேதான் என்று தெரிந்த பிறகு மட்டும் ஏணியை எடுங்கள், காலையில்.